கட்டிங் மிச்சத்தில் எழுதிய எம்.ஏ.

எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணனுக்கு நான் என்ன படித்தேன் என்பது ரொம்ப நாள் தெரியாது. ஆனால் என் எம்.ஏ.வுக்கான அசைன்மென்ட் முழுக்க அவர் வெட்டிக் கொடுத்த தாளில்தான் எழுதினேன். காலண்டர் அடித்து மிஞ்சும் மேப்லித்தோ தாள் துண்டுகளை ஏ4 அளவுக்கு வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் பையனுக்கு ரஃப் நோட்டு தைக்கக் கேட்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்திருந்தேன், ஏனென்றால் 38 வயதில் படிக்கப் போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் பாதியில் விட்டால் அப்புறம் அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் பதினைந்து வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். முடித்தது 2004-ல். அதற்கப்புறம் கல்யாணம், பையன், ஜி.எஸ்.டி., இப்படியே போய்விட்டது. 2022 ஜூலைப் பருவத்தில் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். ஏன் வரலாறு என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். தினசரி காலண்டர் தாளில் தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள் போடுவோம் இல்லையா, ஆள் இல்லாத நேரத்தில் அதைப் புரூஃப் பார்ப்பதும் என் தலையில் விழும். ஒரு வருஷம் நான் பார்த்து விட்ட தாளிலேயே ஒரு தேதி தப்பாகப் போய்விட்டது, ஆயிரக்கணக்கில் அடித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் தேதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவள் அப்படியே உள்ளே போய்விட்டேன். காரணம் அவ்வளவுதான்.

"கரஸ்ல எம்.ஏ.வா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அஞ்சல்வழிப் படிப்பைச் சொல்லும் அந்த 'கரஸ்' என்ற சொல்லிலேயே பாதி மதிப்பு போய்விடும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாமாமே, பணம் கட்டினால் பட்டம் வீட்டுக்கே வருமாமே என்றெல்லாம் என்னிடமே கேட்டார்கள். இந்தப் பேச்சு பழசு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் பக்கம் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கியது, அப்போது அதன் பெயரில் காமராசர் கூடச் சேரவில்லை. என் சித்தப்பா 80-களில் அப்படித்தான் பி.ஏ. படித்தார். தபாலில் வந்த பாடங்களைக் கோணூசியால் தைத்து, பழைய சேலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, பிறகு அரசு வேலைக்குப் போனவர். வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, பெண்ணை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பாத வீடுகளுக்கு, அந்த 'கரஸ்' எவ்வளவு பெரிய வாசல் என்பது எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

அஞ்சல்வழியும் திறந்தநிலையும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அஞ்சல்வழி என்பது கல்லூரிகளை வைத்திருக்கும் வழக்கமான பல்கலைக்கழகம், வர முடியாதவர்களுக்குத் தன் பாடத்தைத் தபாலில் அனுப்புவது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்றால், தூரத்தில் இருந்து படிப்பவர்களுக்காகவே கட்டியது. பிரிட்டனில் 1969-ல் தொடங்கியதைப் பார்த்து இங்கே முதலில் 1982-ல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது, இப்போது அதற்கு அம்பேத்கர் பெயர். அடுத்து 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இக்னோ. இரண்டுக்குமே முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி என்ற ஒரே மனிதர்தான். தமிழ்நாட்டுக்கென்று தனித் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது.

தமிழில் எழுத வேண்டும் என்றால் நம் மாநிலப் பல்கலைக்கழகம்தான் சரி, நான் கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்கிறேன். இக்னோவில் எம்.ஏ. வரலாற்றை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். நான் ப்ளஸ் டூ வரை தமிழ்வழி. பி.காம். ஆங்கிலத்தில்தான், ஆனால் அது டெபிட் கிரெடிட் ஆங்கிலம். பார்ட்டிக்கு மெயில் போடும்போது, 'பேலன்ஸ் எப்போது அனுப்புவீர்கள்' என்ற ஒரு வரியைத் தாண்டி எனக்கு ஆங்கிலம் ஓடாது. பத்தி பத்தியாக எழுதப் பழக வேண்டும் என்ற வீம்பில்தான் அங்கே சேர்ந்தேன். அந்த வீம்புக்கு இரண்டு வருஷம் வட்டி கட்டினேன்.

விண்ணப்பம் போடுவது அரை மணி நேர வேலை என்பார்கள். எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று, அதில் ஒரு ராத்திரி முழுக்க இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், டிகிரியில் புள்ளி இல்லாமல். வடக்கே எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்துச் செய்த படிவத்தில் நம் ஒற்றை எழுத்தை எங்கே திணிப்பது என்பது தமிழ்நாட்டுக்காரர்களின் தனிப் பாடு. சான்றிதழில் இருப்பதுபோலவே போட்டுவிடுங்கள். இப்போது சேர்கிறவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது: 2024-ல் இருந்து, தொலைநிலையில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் யு.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், டெப் ஐடி என்ற தொலைநிலை மாணவர் எண் ஒன்றை முதலில் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்குக்கான ஏபிசி ஐடி. இதில் எல்லாம் பெயர் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். ஆதாரில் தப்பு இருந்தால் அதைத் திருத்திவிட்டு இந்தப் பக்கம் வருவது நல்லது. சேரப் போகும் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை அந்த வருஷம் நடத்த அனுமதி உண்டா என்பதும் யு.ஜி.சி. தளத்திலேயே இருக்கும், தெருமுனை அட்மிஷன் சென்டர் போர்டை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியமாக எனக்குப் பட்டது பருவம். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை, ஜூன், டிசம்பர் என்று இரண்டு தேர்வு. எம்.ஏ. மாதிரி வருஷக் கணக்குப் படிப்பில் ஜூலையில் சேர்ந்தால் முதல் தேர்வு அடுத்த ஜூனில், ஜனவரியில் சேர்ந்தால் அந்த டிசம்பரில். சிவகாசிக்காரிக்கு டிசம்பர் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதில் இருந்து ஏறும் வேலை, டிசம்பரில் லாரி ஆபீஸில் பண்டல் ஏற்றுகிறவரை இறங்காது. தீபாவளிக்கு மறுநாள்கூட நான் பில் போட்டிருக்கிறேன். அதனால் ஜூலை. உங்கள் தொழிலில் எந்த மாதம் மூச்சு விட முடியும் என்று பார்த்துவிட்டுப் பருவத்தை முடிவு செய்யுங்கள், நான் முழுதாக யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான்.

புத்தகம் வேண்டாம், மென்பிரதி போதும் என்றால் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி. பிரஸ்காரி எப்படி வேண்டாம் என்பாள்? அச்சில் கேட்டேன். பார்சல் வந்ததும் முதலில் தாளை விரலால் தடவிப் பார்த்தேன், பைண்டிங்கை இழுத்துப் பார்த்தேன், அப்புறம்தான் பொருளடக்கம். கல்லூரிப் பாடப் புத்தகம் மாதிரி இல்லாமல், எதிரே உட்கார்ந்து 'முந்தின யூனிட்டில் இதைப் பார்த்தோம், இப்போது இதைப் பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டு போகிற நடை. நடுநடுவே கேள்வி கேட்டு, கீழே நாலு கோடு விட்டு, இங்கேயே எழுது என்கிறார்கள். ஆரம்பத்தில் அந்தக் கோடுகளைச் சும்மா தாண்டிப் போனேன், புத்தகம் அழுக்காகுமே என்று.

கணக்குப் பிள்ளை புத்தி, மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. எம்.ஏ. வரலாறு 64 கிரெடிட், எட்டுத் தாள், அதாவது எட்டுப் பாடம், தாளுக்கு எட்டு கிரெடிட். வருஷத்துக்கு நாலு தாள் என்றால் 960 மணி நேரம், ஒரு நாள் விடாமல் படித்தாலும் தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். எனக்குக் கிடைத்தது காலை நாலரையில் இருந்து ஐந்தரை வரை ஒரு மணி நேரம், அதிலும் வாரத்தில் ஒரு நாள் மாவு, ஒரு நாள் தண்ணீர் வருகிற நாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வி மையத்தில் வகுப்பு உண்டு, கட்டாயமில்லை. நான் போனது மூன்று தடவை.

படிக்கப் படிக்கச் சிரிப்பாக ஒன்று நடந்தது. முதல் தாளில் மெசபடோமியா. அதில் 'ஊர்' என்று ஒரு நகரம், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. சரி, பேர் நம் பேர் மாதிரி இருக்கிறதே என்று குறித்துவைத்தேன். சில மாதம் கழித்து அரசமைப்புகள் பற்றிய தாளில் சோழர் பகுதியில் மறுபடியும் அதே இரண்டு எழுத்து. மெசபடோமியா இங்கே எதற்கு வந்தது என்று பத்து நிமிஷம் முழித்தேன். பக்கத்தில் சபா, நகரம், நாடு என்று சோழர் கால அவைகளின் பெயர்கள் இருப்பதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, அது நம்ம ஊர்! ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் என்று பள்ளியில் தமிழில் படித்த வணிகக் குழுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தலையிலும் காலிலும் புள்ளி வைத்துப் பார்த்தால் எவருக்கும் சொந்தக்காரனை மாறுவேஷத்தில் பார்த்த மாதிரிதான் இருக்கும். பொருளாதார வரலாற்றில் வணிகர்களின் உண்டியல் முறை வந்தபோது மட்டும் நான் ராணி. ஒரு ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி, இன்னொரு ஊரில் அந்தச் சீட்டைக் காட்டிப் பணம் வாங்குவது. எங்கள் முதலாளியின் அப்பா காலத்து நோட்டுகளில் அந்தச் சொல்லை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அசைன்மென்ட்டுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், 70 சதவீதம் தேர்வு. கையால் எழுதி, மேல் தாளில் பதிவு எண், தாள் எண், மையத்தின் எண் எல்லாம் போட்டு, கல்வி மையத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு சடங்கு. விடையெல்லாம் பி.டி.எஃப். ஆக விலைக்கு வரும், வாட்ஸாப் குழுவில் இலவசமாகவும் வரும், பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டால் நல்ல மார்க். நானும் செய்தேன். முதல் வருஷம் நாலு தாளில் மூன்றுக்கு நானே எழுதினேன். நவீன உலகம் பற்றிய தாளுக்கு நேரமில்லாமல், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், வாங்கிய பி.டி.எஃப்.ஐ வரி விடாமல் இரண்டு ராத்திரியில் காப்பி அடித்தேன். அந்த இருபத்து சொச்சம் பக்கத்தை எழுதும்போது என் தலையில் ஓடியது முழுக்க டி.டி.எஸ். தாக்கல்தான்.

அசைன்மென்ட்டில் அந்தத் தாளுக்குத்தான் எனக்கு அதிக மார்க், 68. ஜூன் தேர்வில் அதே தாளில் 34. தேறுவதற்கு 40 வேண்டும். நானே எழுதிய மூன்றிலும் தேறிவிட்டேன், பெரிய மார்க் இல்லை, 50-ஐ ஒட்டி.

கேள்வித்தாளை வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் என் மண்டையில் ஏறியது. தேர்வில் இரண்டு பகுதி, பகுதிக்குக் குறைந்தது இரண்டு கேள்வி, மொத்தம் ஐந்து, ஒவ்வொன்றும் சுமார் 500 சொல். அசைன்மென்ட்டிலும் அதே இரண்டு பகுதி, அதே ஐந்து கேள்வி, அதே 500 சொல். தேர்வின் ஒத்திகையை வீட்டுக்கே அனுப்பி, நேரம் எடுத்துக்கொண்டு எழுதிப் பாரம்மா, ஒரு ஆளை வைத்துத் திருத்தித் தருகிறோம் என்கிறார்கள். நானோ காசு கொடுத்து வேறொருவர் ஒத்திகையை வாங்கி என் கையெழுத்தில் அனுப்பியிருக்கிறேன். வகுப்பு இல்லாத படிப்பு என்கிறோமே, அதில் வகுப்பு என்று ஒன்று இருந்தால் அது இந்தத் தாள்கட்டுதான்.

திருத்திய அசைன்மென்ட்டில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. நானே எழுதிய ஒன்றில், பொருளாதார வரலாற்றில். ஆங்கிலத்தில்தான், அர்த்தம் இது: "கடைசிப் பக்கத்தில் சொன்னதை முதல் பக்கத்தில் சொல்லியிருக்கலாம்." கீழே புரியாத ஒரு கையெழுத்துச் சுழி. ஆணா பெண்ணா, எந்தக் கல்லூரி, ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷத்தில் என் படிப்பைப் படித்துவிட்டு ஒரு மனிதர் எனக்குச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அதைக் கிழித்து, கண்ணாடி மூலையில், பொட்டு ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தேன். அதுவரைக்கும் ஒரு கேள்வி கேட்டால் எல்லாப் பின்னணியும் சொல்லி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் விசாரித்த பிறகு மொய் எழுதுகிற மாதிரிதான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் முதல் வரியிலேயே விடை.

நவீன உலகத்தை மறுபடி எழுத அசைன்மென்ட் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை, அதில்தான் தேறிவிட்டேனே. தாளுக்கு 200 ரூபாய் தேர்வுக் கட்டணம் கட்டினால் போதும். டிசம்பருக்குக் கட்டினேன், போகவில்லை, அன்றைக்குக் கேரளத்துக்கு இரண்டு லோடு. 200 ரூபாய் போனது போனதுதான். அடுத்த ஜூனுக்கு முன்னால் அதே ஐந்து கேள்விக்கும் நானே விடை எழுதினேன், யாருக்கும் கொடுக்காமல், அண்ணன் வெட்டிக் கொடுத்த அதே தாளில்.

இடையில் இன்னொரு கூத்து. முதல் வருஷத் தாள் எல்லாம் தேறிய பிறகுதான் இரண்டாம் வருஷம் என்று நான்பாட்டுக்கு இருந்துவிட்டேன், பள்ளிக்கூடப் பழக்கம். இங்கே அப்படி இல்லை. தேறினாலும் தேறாவிட்டாலும், தேர்வே எழுதாவிட்டாலும், அடுத்த வருஷத்துக்கான மறுபதிவைக் குறித்த தேதிக்குள் நாமாகப் போய்ப் பணம் கட்டிச் செய்ய வேண்டும். எல்லாம் தளத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. தற்செயலாக ஒரு நாள் பார்க்கப் போய், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கட்டினேன். தவறவிட்டிருந்தால் ஒரு பருவம் போயிருக்கும். இரண்டு வருஷ எம்.ஏ.வை முடிக்க நாலு வருஷம் வரை தருகிறார்கள், அதனால் குடி முழுகியிருக்காது, ஆனால் ஒரு தடவை விட்டால் நான் திரும்பி வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தேர்வு மையம் மதுரை. காலை பத்து மணித் தேர்வுக்கு ஐந்தரைக்கே பஸ் ஏறுவேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் எண் தட்டிப் பழகிய விரல்கள், மூன்று மணி நேரம் பேனா பிடித்தால் நடுவிரலில் பட்டாணி மாதிரி வீங்கிவிடும். என் வரிசையில் யூனிஃபார்ம் பேன்ட்டோடு சட்டை மட்டும் மாற்றி வந்த ஒரு போலீஸ்காரர், நிறைமாதத்தில் ஒரு பெண், அவளுக்காக வாசலில் தூக்குச்சட்டியோடு ஒரு மாமியார். எனக்கு முன் பெஞ்சில் ஒரு பெரியவர், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், பென்ஷன்காரர். தேர்வு முடிந்ததும், "நீங்க மூணாவது கேள்வி எடுத்தீங்களா?" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி என்னிடம் ஓடி வந்தார். எதற்குப் படிக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். வீட்டில் சும்மா இருந்தால் பேரன் டி.வி. பார்க்க விடமாட்டேன் என்கிறான், என்றார்.

2024 ஜூனில் இரண்டாம் வருஷத் தாள் நாலும் பழைய பாக்கி ஒன்றும் சேர்த்து ஐந்து எழுதினேன். பாக்கியில் 57. மற்றவை பரவாயில்லை. வீட்டுக்காரர் ஒரு கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து ஆபீஸில் கொடுக்கச் சொன்னார், அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. முதலாளி சந்தோஷப்பட்டார், சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தொலைநிலையில் வாங்கிய பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்திருப்பதை அவரிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கணக்கு எழுத வரலாறு எம்.ஏ. எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, விட்டுவிட்டேன்.

கட்டிங் மெஷின் அண்ணன் மிட்டாயை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அந்தப் பேப்பர் எல்லாம் இதுக்குத்தானாம்மா?"

ஆமாண்ணே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மெஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார். அவர் படித்தது பத்தாவது. 46 வயது. தன்னால் சேர முடியுமா என்று கேட்டார். ப்ளஸ் டூ இல்லாதவர்களுக்கு இக்னோவில் ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரலாம் என்றேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது என்று அதையும் சொன்னேன்: பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ ஏற்க மாட்டார்கள். இது தெரியாமல் இப்படிப் பட்டம் வாங்கி, பணி நியமனம் வரை போய் நின்றுபோனவர்களின் வழக்குகள் நீதிமன்றத்தில் ஏகப்பட்டது. அதனால் முதலில் தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதிவிட்டு வருவது நல்லதுண்ணே என்றேன்.

"இந்த வயசுல எனக்கு எவன்மா கவர்மென்ட் வேல குடுக்கப் போறான்" என்றார். "எம் மக காலேஜ் போறா. எதாவது கேட்டா, ஒனக்குப் புரியாதுப்பாங்கிறா."

படிவத்தை எடுத்துப் பார்த்தோம். இனிஷியலில் வழக்கம்போல மாட்டிக்கொண்டோம், ஆதாரில் அவர் பெயரே ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்திவிட்டு வாருங்கள், அடுத்த பருவத்துக்குப் போட்டுவிடலாம் என்றேன். சரி என்று எழுந்தவர், கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"அந்த ஏ4 சைஸுதானம்மா? இல்ல எனக்கு வேற சைஸு எதுவும் கேப்பாங்களா?"